தண்ணீர் வழக்கில் நிபுணர் சாட்சி: முதன்முறை கூண்டேறுகிறவர்களுக்கு

"இந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குது" என்று ஆச்சி நீதிமன்றத்தில் சொன்னால் அது கண்கூடான சாட்சியம். ஏன் வேகவில்லை என்று நீங்கள் சொன்னால் அது கருத்து. சாதாரண சாட்சி, தான் பார்த்ததையும் கேட்டதையும்தான் சொல்லலாம். கருத்துச் சொல்லும் சலுகை பொதுவாக நிபுணருக்குத்தான் உண்டு. அந்தச் சலுகைக்கு விலையாகத்தான் குறுக்கு விசாரணை.

காரைக்குடி வட்டாரத்தில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன. அதனால் கிணறு கெட்டுப்போனது, ஊருணியில் நுரை பொங்குகிறது என்று வழக்கு வந்தால் வக்கீல்கள் வேதியியல் படித்தவர்களைத் தேடி வருவார்கள். இருபது வருஷமாகத் தண்ணீர்ப் பரிசோதனை செய்கிறவன் என்ற முறையில் என்னையும் சில தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் தடவை நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், எந்த மன்றம்?

வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. சுற்றுச்சூழல் தொடர்பான பெரிய கேள்விகள் அங்கேதான் போக வேண்டும். அந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு அத்தகைய வழக்குகளை உரிமையியல் நீதிமன்றங்கள் எடுக்கவிடாது. தகராறு என்றால் 6 மாதத்துக்குள், இழப்பீடு கேட்பதென்றால் 5 வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே சாட்சியச் சட்டத்தின் கட்டுப்பாடு கிடையாது. பெரும்பாலும் தீர்ப்பாயம் அமைக்கும் கூட்டுக்குழுவின் அறிக்கை, அதற்கு ஆட்சேபணை, பதில் மனு என்று காகிதத்திலேயே சண்டை நடக்கும். கூண்டேற வேண்டிய தேவை அபூர்வம்.

கூண்டு வருவது இரண்டு இடங்களில். ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குற்றவியல் நடுவர் முன் தொடரும் வழக்கு. மற்றொன்று, ஊர்ப் பொதுக்கேள்வி எதுவும் இல்லாமல் ஒருவர் கிணற்றுக்கும் பக்கத்துக்காரர் பட்டறைக்கும் இடையிலான தனிப்பட்ட வழக்கு. இரண்டாவதில், "இது தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டிய வழக்கு" என்ற வாதத்தைப் பிரதிவாதி தரப்பு எடுத்த எடுப்பில் வைக்கும். அது வக்கீல்களின் தலைவலி. நீங்கள் அதற்குள் தலையை விடாதீர்கள்.

ஒப்புக்கொள்வதற்கு முன்

வக்கீல் அறிக்கை கேட்டு வரும்போது முடிவை அவரே சொல்லிக் கேட்டால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கட்டணத்தை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். ஜெயித்தால் இவ்வளவு என்ற பேச்சே கூடாது. "எவ்வளவு வாங்கினீர்கள்?" என்று கூண்டில் கண்டிப்பாகக் கேட்பார்கள். ரசீதில் உள்ள தொகையைத் தயங்காமல் சொன்னால் அந்தக் கேள்வி அதோடு செத்துப்போகும். உங்கள் படிப்புக்கு வெளியே போகவும் போகாதீர்கள். நான் வேதியியல்காரன். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களின் சிறுநீரகத்தைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது, அதற்கு மருத்துவர் வேண்டும்.

கிணற்றடி

வழக்கு தோற்பதும் ஜெயிப்பதும் இங்கேதான். கூண்டில் கேட்கப்படும் பத்துக் கேள்விகளில் ஏழு இந்த அரைமணி நேரத்தைப் பற்றியதாக இருக்கும்.

முடிந்தால் நீங்களாகப் போய் மாதிரி எடுக்காதீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 10அ அறிவியல் ஆய்வுக்கு நீதிமன்றமே ஓர் ஆணையரை நியமிக்க வழி செய்கிறது. இரு தரப்புக்கும் நோட்டீஸ் போய், ஆணையர் முன்னிலையில் எடுத்த தண்ணீருக்கு இருக்கிற மதிப்பே வேறு. தொழிற்சாலைக் கழிவுநீரை வாரிய அதிகாரி எடுப்பதற்கு 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவு கறாரான முறையே வைத்திருக்கிறது: அறிவிப்புக் கொடுத்து, ஆலைக்காரர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இதில் ஓட்டை விழுந்தால் ஆய்வு முடிவைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளவே முடியாது என்று அதே பிரிவு சொல்கிறது. தனியார் கிணற்று நீருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனாலும் அதே ஒழுங்கைப் பின்பற்றிவிட்டால் எதிர்த்தரப்புக்குக் கடிக்க இடம் இருக்காது.

கிணற்றில் வாளியை விட்டு மேல்தண்ணீரை மொண்டு வரக் கூடாது. மோட்டார் இருந்தால் ஓடவிட்டு, மின்கடத்துத்திறன் (கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) ஒரே அளவில் நிற்கும் வரை பார்த்து, அப்புறம் பிடிக்க வேண்டும். உப்புகளுக்கான சோதனைக்குப் புதிய பாலித்தீன் கேன், அதே தண்ணீரில் மூன்று முறை அலசியது. உலோகங்களுக்குத் தனிக் கேன், அதில் நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். 2க்குக் கீழே வைக்க வேண்டும். ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சு வகையைப் பார்க்க வேண்டுமானால் அமிலம் சேர்க்கவே கூடாது. குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதித்துவிட வேண்டும். பெட்டிக்கடையில் வாங்கிக் குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலில் பிடித்து வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த வழக்குகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

பிறகு பயணம். இங்கிருந்து மதுரை ஆய்வகத்துக்குப் பேருந்தில் அனுப்பினால், கேன் நடத்துநர் இருக்கைக்கு அடியில் இரண்டரை மணி நேரம் யார் பொறுப்பில் இருந்தது? ஐஸ் பெட்டி எத்தனை டிகிரியில் இருந்தது? கை மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் நேரம், பெயர், கையெழுத்து வேண்டும். ஒரே ஒரு கை விட்டுப்போனாலும் அந்த இடத்தில் யாரோ உப்பைக் கொட்டியிருக்கலாம் என்பார்கள். கொட்டியிருக்க மாட்டார்கள்தான். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

பாதிக்கப்பட்ட கிணற்றில் மட்டும் எடுத்துவிட்டு வருவது அடுத்த தவறு. நம் பக்கத்தில் நிலம் பொதுவாகத் தென்கிழக்காகக் கடலைப் பார்த்துச் சரிகிறது. கண்மாய்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மறுகால் பாய்கிற திசையைப் பார்த்தாலே தெரியும். நிலத்தடி நீரும் அப்படித்தான் ஓடும் என்று நினைத்துக்கொள்வது சுலபம், ஆனால் அது ஊகம். குறைந்தது மூன்று கிணறுகளில் நீர்மட்டத்தை ஒரே நாளில் அளந்தால்தான் ஓடும் திசையைச் சொல்ல முடியும். பட்டறைக்கு மேட்டுப்பக்கம் ஒரு கிணறு, பள்ளப்பக்கம் இரண்டு என்று எடுத்தால் ஒப்பிட்டுப் பேசலாம். பழைய ஆய்வு முடிவுகள் ஏதாவது குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கிடைக்கிறதா என்றும் தேடுங்கள். பட்டறை வருவதற்கு முன்பு எடுத்த ஒரு தாள் கிடைத்தால் பத்துப் பக்க விளக்கத்துக்குச் சமம்.

அறிக்கை: விட்டுப்போன ஒரு சைபர்

காரைக்குடிக்குக் கிழக்கே ஒரு தோப்பு. பக்கத்தில் சாயப்பட்டறை. கிணறு உப்புக் கரிக்கிறது என்று தோப்புக்கார ஆச்சி வழக்குப் போட்டார். சாயப்பட்டறை என்றால் உப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பருத்தி நூலில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்கு லிட்டருக்குப் பல பத்து கிராம் கணக்கில் சாப்பாட்டு உப்பையோ சோடியம் சல்பேட்டையோ கரைப்பார்கள். சாயம் நூலில் ஏறிவிடும். உப்பு முழுக்கத் தண்ணீரோடு வெளியே வரும். நிறம் மண்ணில் தங்கிவிட்டாலும் குளோரைடு தங்காது. தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போகும்.

எனக்குக் கிடைத்த அளவுகள் லிட்டருக்கு மில்லிகிராமில்: கால்சியம் 80, மக்னீசியம் 36, சோடியம் 460, குளோரைடு 710, பைகார்பனேட் 305, சல்பேட் 96. அறிக்கையைத் தட்டச்சு செய்தபோது சோடியம் 46 ஆகிவிட்டது. ஒரு சைபர். நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் வேதியியல் படித்தவர் அல்ல, ஆனால் படித்த ஒருவரிடம் அறிக்கையைக் காட்டிவிட்டு வந்திருந்தார். தண்ணீரில் நேர்மின் அயனிகளின் மின்சுமையும் எதிர்மின் அயனிகளின் மின்சுமையும் சமமாக இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு அளவையும் அந்த அயனியின் சமான எடையால் வகுத்தால் மின்சுமைக் கணக்கு வரும். கால்சியத்தை 20ஆலும், மக்னீசியத்தை 12ஆலும், சோடியத்தை 23ஆலும் வகுத்துக் கூட்டுங்கள்: 4, 3, 20, மொத்தம் 27. குளோரைடை 35.5ஆலும், பைகார்பனேட்டை 61ஆலும், சல்பேட்டை 48ஆலும் வகுத்தால் 20, 5, 2, அதுவும் 27. சோடியம் 46 என்றால் இந்தப் பக்கம் 9தான் வரும். அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "சார், நீங்களே இதைக் கூட்டிச் சொல்லுங்க" என்றார். நான் கூட்டினேன். ஒன்பது. நீதிமன்றத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

நல்லவேளையாக ஆய்வகக் குறிப்பேடு பையில் இருந்தது. குறுக்கு விசாரணை முடிந்து நம் வக்கீல் திரும்பக் கேட்கும் மறு விசாரணையில் அதைக் காட்டி, 460 என்று அன்றைக்கே என் கைப்பட எழுதியிருப்பதைச் சொன்னேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: நினைவுபடுத்திக்கொள்ளவோ காட்டவோ நீங்கள் எடுக்கிற எந்தக் காகிதத்தையும் எதிர்த்தரப்பு பார்க்கலாம், அதிலிருந்து கேள்வி கேட்கலாம். என் குறிப்பேட்டின் ஓரத்தில் "கத்தரிக்காய் அரை கிலோ, கறிவேப்பிலை" என்று இருந்தது. அதையும் வக்கீல் வாசித்துக் காட்டினார். நீதிபதி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு ஆய்வகக் குறிப்பேட்டில் வீட்டுக் கணக்கு எழுதுவதில்லை.

ஆகவே அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் இந்த அயனிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 5 சதவீதத்துக்கு மேல் போனால் எங்கேயோ தப்பு. கரைந்த உப்புகளின் மொத்த அளவு மின்கடத்துத்திறனில் ஏறத்தாழ 0.55 முதல் 0.7 பங்குக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். ஆய்வகத்தின் என்.ஏ.பி.எல். சான்றிதழை (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகாரம்) மட்டும் பார்த்தால் போதாது. நீங்கள் செய்த சோதனை அந்தச் சான்றிதழின் வரம்புக்குள் வருகிறதா என்பதைத்தான் வக்கீல் கேட்பார்.

முடிவை மட்டும் எழுதினால் அறிக்கைக்கு மதிப்பில்லை. 1999இல் ஜெய்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: நிபுணர் நடந்ததைச் சொல்கிற சாட்சி அல்ல, முடிவு சரியா என்று நீதிபதி தானே உரைத்துப் பார்க்கத் தேவையான அறிவியல் அளவுகோல்களைக் கொடுப்பதுதான் அவர் வேலை. எந்த முறையில் சோதித்தீர்கள், வேறு எந்தக் காரணங்களை யோசித்தீர்கள், ஏன் தள்ளினீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். தள்ள முடியாத காரணம் இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் எதிர்த்தரப்பு எழுதவைக்கும்.

கூண்டேறும் நாள்

உரிமையியல் வழக்கில் முதல் விசாரணை, அதாவது உங்களை அழைத்த தரப்புக்காக நீங்கள் சொல்வது, நிரூபண வாக்குமூலம்தான். எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வக்கீல் குமாஸ்தா தயாரித்த வாக்குமூலத்தை வரிவரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "பெரும் விஷத்தன்மை வாய்ந்த" போன்ற அடைமொழிகள் அதில்தான் நுழையும். நிபுணர் கருத்தைப் பற்றிய, பழைய சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் 39ஆம் பிரிவாகியிருக்கிறது. வாக்குமூலத்தில் பிரிவு எண் இருந்தால் எது என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்தாவுக்குத் தயாராக வாருங்கள். மூன்று முறை போய் நான்காம் முறைதான் டவாலி என் பெயரைக் கூப்பிட்டார்.

குறுக்கு விசாரணையில் புதியவர்கள் விழுகிற பெரிய பள்ளம் இது. நம் விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது, கேள்வி தனியாக எழுதப்படுவதில்லை. கேள்வியும் உங்கள் பதிலும் சேர்ந்து, நீங்களே சொன்ன வாக்கியமாக மாறிவிடும். ஒரு உதாரணம்.

வக்கீல் கேட்கிறார்: "மாதிரி எடுத்தப்போ ஆச்சியும் அவங்க மகனும் மட்டும்தான் இருந்தாங்க, பட்டறைக்காரருக்குத் தகவல் சொல்லலை, ஆச்சி காட்டின இடத்துலதான் தண்ணி எடுத்தீங்க, சரிதானே சார்?"

நீங்கள் "ஆமாம்" என்கிறீர்கள்.

பதிவாவது: "நான் மாதிரி எடுத்தபோது வாதியும் அவருடைய மகனும் மட்டுமே இருந்தார்கள் என்றால் சரிதான். பிரதிவாதிக்கு முன்தகவல் கொடுக்கவில்லை என்றால் சரிதான். வாதி காட்டிய இடத்தில்தான் மாதிரி எடுத்தேன் என்றால் சரிதான்."

ஒரு ஆமாமுக்கு மூன்று ஒப்புதல். கிணற்றைக் காட்டியது ஆச்சி. எந்தக் குழாயில் எடுப்பது என்று தீர்மானித்தது நான். அந்த வித்தியாசம் போய்விட்டது. ஆகவே இப்படி ஒரே கேள்வியில் பல விஷயம் இருந்தால், "ஐயா, இது மூணு கேள்வியா இருக்கு, ஒவ்வொண்ணாச் சொல்றேன்" என்று நீதிபதியைப் பார்த்துச் சொல்லுங்கள். அவசரப்படுத்தமாட்டார்கள். பதிலை வக்கீலைப் பார்த்துச் சொல்வதைவிட நீதிபதியைப் பார்த்துச் சொல்வதே நல்லது, எழுதவைப்பவர் அவர்தான்.

அடுத்தது வரம்பு அளவை வைத்து வரும் கேள்வி. "குடிநீர் தர அளவுப்படி குளோரைடு 1000 வரை இருக்கலாம். உங்க அறிக்கையில 710. அப்போ குடிக்கலாம்தானே?" பாதி உண்மையை வைத்துப் பின்னிய கேள்வி. ஐ.எஸ். 10500:2012 தர அளவில் குளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு 250. வேறு நீராதாரமே இல்லாதபோது பொறுத்துக்கொள்ளும் அளவுதான் 1000. பதிலை அப்படியே சொல்லுங்கள். வழக்கின் கேள்வி குடிக்கலாமா என்பது மட்டுமல்ல, தண்ணீர் மாறியிருக்கிறதா என்பதும்தான். மேட்டுப்பக்கக் கிணற்றில் 60 இருந்ததைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மாற்றுக் காரணங்கள் வரிசையாக வரும். ராமநாதபுரம் பக்கமெல்லாம் இயல்பாகவே உப்புத் தண்ணீர்தானே? உண்மை, ஆனால் அதே நிலத்தில் நூறு மீட்டர் தள்ளி மேட்டுப்பக்கம் இருக்கும் கிணறு ஏன் நன்றாக இருக்கிறது? வீட்டுக் கழிவுத்தொட்டியாக இருக்கலாமே? அப்படியானால் நைட்ரேட் ஏறியிருக்க வேண்டும், 45 என்ற அளவுக்கு வெகு கீழே இருக்கிறது. பட்டறைக் கழிவு சோடியம் என்றால் பருப்பு வேகாதது ஏன், அது கால்சியம் வேலைதானே? இந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் மனதுக்குள் பாராட்டினேன். களிமண்ணில் ஒட்டியிருக்கும் கால்சியத்தை இறக்கிவிட்டு அந்த இடத்தில் சோடியம் உட்கார்ந்துகொள்ளும். இறங்கிய கால்சியம் தண்ணீரில் சேர்ந்து கடினத்தன்மையைக் கூட்டும். அதுதான் நடந்திருக்கக் கூடும் என்று சொன்னேன். "கூடும்தானே, நிச்சயம் இல்லையே?" "இல்லை, அந்த மண்ணை நான் சோதிக்கவில்லை." சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் தெரிந்ததற்கு மதிப்புக் கூடும் என்பதை அன்றைக்கு நீதிபதியின் முகத்தில் பார்த்தேன்.

"நூற்றுக்கு நூறு உறுதியா?" என்பதற்கு எந்த ஆய்வுக்காரரும் ஆமாம் சொல்ல முடியாது. சொல்லவும் வேண்டாம். அளவீட்டில் இவ்வளவு ஏற்ற இறக்கம் உண்டு, இன்ன காரணங்களால் இந்த முடிவுக்கு வந்தேன் என்பதோடு விடுங்கள். உரிமையியல் வழக்கில் எவ்வளவு நிரூபித்தால் போதும் என்பது நீதிபதியின் வேலை.

கடைசியில் வருவது எல்லோரையும் கோபப்படுத்தும்: "வாதியிடம் பணம் பெற்றுக்கொண்டு அவருக்குச் சாதகமாகப் பொய் அறிக்கை கொடுத்திருக்கிறீர்கள் என்கிறேன்." முதல் தடவை எனக்கு முகம் சிவந்து குரல் உயர்ந்துவிட்டது, நீதிபதி தண்ணீர் குடிக்கச் சொன்னார். அப்புறம்தான் தெரிந்தது, தன் கட்சிக்காரரின் நிலையைச் சாட்சியிடம் கேள்வியாக வைத்தே தீர வேண்டும் என்பதால் கேட்கிறார்கள், தனிப்பட்ட வஞ்சம் ஒன்றும் இல்லை. "சரியல்ல" என்று ஒரே வார்த்தை. பதிவேட்டில் "பொய் அறிக்கை கொடுத்திருக்கிறேன் என்றால் சரியல்ல" என்று ஏறும். அதே வக்கீல் மதியம் கேன்டீனில் எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார்.

இறங்குவதற்கு முன்

தட்டச்சு செய்த சாட்சியத்தை அச்செடுத்து நீட்டுவார்கள். பசியோடு இருப்பீர்கள், பேருந்துக்கு நேரமாகியிருக்கும், குமாஸ்தா பேனாவைத் திறந்து வைத்திருப்பார். படியுங்கள். எண்களைத் தனியாகப் படியுங்கள்: 710 எங்கேயாவது 170 ஆகியிருக்கிறதா, "இல்லை" விட்டுப்போயிருக்கிறதா என்று. திருத்தம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே நீதிபதியிடம் சொன்னால்தான் உண்டு. பிறகு சாட்சிப் படியைக் கேட்டு வாங்குங்கள், சாட்சிய நகலுக்கு உங்கள் வக்கீலை மனுப் போடச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள். மேல்முறையீடு முடிகிற வரை குறிப்பேடு, கை மாறிய படிவங்கள், தராசு சரிபார்ப்புச் சான்று எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். ஆச்சியின் வழக்கு இன்னும் மேல்முறையீட்டில் இருக்கிறது. கத்தரிக்காய்ப் பக்கத்தோடு சேர்த்து அந்தக் குறிப்பேடு என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.